கூண்டுக் கொசுவும் தெருக் கொசுவும்

"நம்ம ஊர்க் கொசு இந்த வைரஸைப் பரப்பாதும்மா. அறிக்கை ரெடி, கையெழுத்துப் போடு," என்றார் எங்கள் கொசு ஆய்வக இயக்குநர்.

அந்த அறிக்கை மேலே போனால், வீடு வீடாகத் தண்ணீர்த் தொட்டிகளைச் சோதிக்கும் வேலை இந்த மழைக்காலத்தில் நின்றுவிடும். என் அக்காவின் தெருவிலும்தான். அக்கா முழுகாமல் இருந்தாள். இதுவோ கருவையும் விட்டுவைக்காத வைரஸ்.

"எந்தக் கொசு சார்? நம்ம கூண்டுல இருக்கறதா?"

"ஏன், அது கொசு இல்லாம ஈயா?"

மறுபடியும் விளக்கினேன். கூண்டின் முதல் கொசுக்களைப் பிடித்துப் பல வருடங்கள் ஆகின்றன. பெண் கொசு ஈரத் தாளில் முட்டையிடும். முதல் தாள் நிறைந்ததும் அதை மட்டும் வைத்துக்கொண்டு பின்னால் வரும் தாள்களைக் கொதிநீரில் போடுவது எங்கள் ஆய்வக வழக்கம், வேலை மிச்சம். ஆக, ஒவ்வொரு தலைமுறையிலும் முந்திக்கொண்ட சில கொசுக்களுக்கு மட்டுமே வாரிசு. அவற்றிடம் தற்செயலாக இருந்த மரபணுக்கள் கூண்டு முழுக்கப் பரவின. மற்றவை அழிந்தன. வைரஸ் கொசுவின் குடலைத் தாண்டி எச்சிலுக்கு வந்தால்தான் அடுத்தவருக்குத் தொற்றும். குடல் வழிவிடுமா என்பதில் மரபணுக்களுக்கும் பங்குண்டு. எங்கள் கொசுவின் குடல் வழிவிடவில்லை என்றால், அது கூண்டைப் பற்றிய செய்தி. தெருவைப் பற்றியதல்ல.

அதனால்தான் அக்கா வீட்டுத் தண்ணீர் டிரம்மிலிருந்தும் அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்தும் கொசுப் புழுக்களை அள்ளிவந்து வளர்த்து, கூண்டுக் கொசுக்களுக்குக் கொடுத்த அதே வைரஸ் கலந்த ரத்தத்தைக் கொடுத்துப் பார்த்தேன். பாதிக்கு மேற்பட்டவற்றின் எச்சிலில் வைரஸ் இருந்தது. கூண்டுக் கொசு ஒன்றில்கூட இல்லை.

"அக்கா வீட்டு டிரம்மா? இது ஆராய்ச்சியா, இல்ல குடும்ப விசேஷமா?"

"கடிக்கிற கொசு அங்கதான் சார் இருக்கு. உங்க கூண்டுக் கொசு யார் வீட்டுக்கும் போகப்போறதில்ல."

"சரி, அடுத்த வருஷ அறிக்கையில சேத்துக்கலாம்."

"அதுவரைக்கும் யாரையும் கடிக்காதேன்னு கொசுகிட்ட நீங்களே சொல்லிடுங்க சார்."

கையெழுத்துப் போடாமல் பேனாவை மூடி அவர் மேசைமேலேயே வைத்தேன். அங்கேயே நின்று சுகாதார அதிகாரிக்குப் போன் போட்டுக் கண்டதைச் சொன்னேன்.

"இங்க வேலை பாக்கற எண்ணமே இல்லையா?" என்றார் இயக்குநர். குரல் இறங்கியிருந்தது.

மறுமுனையில் அதிகாரி தயங்கினார். "தொட்டிச் சோதனையை நிறுத்தாம இருக்கலாம்மா. ஆனா யார் சொன்னாங்கன்னு மேல கேப்பாங்களே?"

"நான்தான் சொன்னேன்னு சொல்லுங்க," என்றேன், இயக்குநரைப் பார்த்துக்கொண்டே.