காரணம்: ஓட்டுநர்

அறிக்கையின் ஏழாவது வரியில் ஜெனிதாவின் கண் குத்திட்டு நின்றது. அதற்கு மேல் படிக்க முடியவில்லை.

தரமணிப் பக்கம் இருந்த அந்த சர்வீஸ் சென்டரின் கண்ணாடிக் கூடத்தில் ஏசி உடம்பை விறைக்க வைத்துக்கொண்டிருந்தது. அவளுக்கோ காதுமடல் இரண்டும் சுட்டன. ஆங்கிலத்தில் இருந்ததை இன்னொரு தரம் நிறுத்தி நிதானமாகப் படித்தாள். கியர்பாக்ஸின் இரண்டு கிளட்சும் தேய்ந்து கருகியிருக்கின்றன. காரணம்: ஓட்டுநரின் தவறான பயன்பாடு. ஓட்டுநர் பெயர்: ஜெனிதா. ஆகவே வாரண்டி பொருந்தாது.

வண்டி வாங்கிய நாளிலிருந்து இந்த மூன்று வருடமும் ஸ்டியரிங்கை வேறு யாரும் தொட்டதில்லை. தவறாக ஓட்டியவள் என்றால் அவள் ஒருத்திதான்.

நாலடி தள்ளி நின்று சர்வீஸ் மேனேஜர் ஸ்ரீஹரி, வண்டியின் சொந்தக்காரர் ஜெயபாரதியிடம் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தான்.

“வண்டில ஒரு குறையும் இல்ல மேடம். ஓட்டற விதம்தான். மேட்டுல பிரேக் பிடிக்காம, ஆக்ஸிலரேட்டர லேசா மிதிச்சே வண்டிய நிறுத்தி வெச்சா கிளட்ச் இப்படித்தான் கருகும். லேடி டிரைவர் வேற… இந்த மாதிரி வண்டி பழகறதுக்கு சிலருக்கு டைம் ஆகும், மேடம்.”

ஜெனிதா எழுந்து அவன் முன்னால் போய் நின்றாள்.

“சார், நான் இங்கியேதான் குந்திக்கினு கீறேன். எப்பிடி ஓட்டுவேன்னு என்னாண்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?”

அவன் ஃபோனைக் கையால் மூடினான். “ஓனர்கிட்ட பேசிட்டிருக்கேன்ல? கொஞ்சம் வெளிய உட்காருங்க.”

வெளியே போய் உட்காரவில்லை. அறிக்கையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பதிலுக்கு அவர்கள் கொடுத்த இரவல் காரை எடுத்துக்கொண்டு அபிராமபுரம் வந்து சேர்ந்தாள். 

ஊரூர் ஒல்காட் குப்பத்தில் பிறந்தவள் அவள். புருஷன் ராபர்ட் இன்னும் கடலுக்குப் போகிறான். கல்யாணத்துக்கு முன்பே மீன் டெம்போ ஓட்டிப் பழகி, ஆறு வருடம் ஏர்போர்ட்டுக்குக் கால் டாக்ஸி ஓட்டி, அதற்குப் பிறகுதான் ஜெயபாரதி வீட்டுக்கு வந்தாள். இத்தனை வருடத்தில் ஒரு பம்பரைக்கூட இடித்ததில்லை. கைவிரல் மாதிரி வண்டியின் அசைவு அவளுக்குத் தெரியும். அப்படிப்பட்டவளுக்கு, முகம் பார்த்துக்கூடப் பேசாத ஒருவன், ஓட்டத் தெரியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டான்.

ஜெயபாரதிக்கு தி. நகரில் புடவைக் கடை. கோவில்பட்டியிலிருந்து வந்து இருபத்தைந்து வருடமாக அந்தக் கடையைக் கட்டி ஆள்கிறவள். ஹாலில் உட்கார்ந்து அறிக்கையைப் படித்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.

“போனது போகட்டும், ஜெனிதா. இனிமே பாத்து ஓட்டு. நான் உன்ன ஒண்ணும் சொல்லலயே.”

ஜெனிதாவுக்குச் சுருக்கென்றது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

“நீங்க ஒண்ணும் சொல்லலக்கா. அதான் எனக்கு எரியுது. அந்தாளு சொன்னத கேட்டுக்கினு, தப்பு என்னுதுன்னு முடிவே பண்ட்டீங்க. வாங்கறப்ப ரெண்டு வண்டியும் ஓட்டிப் பாத்துட்டு நான் இன்னா சொன்னேன்? ஞாபகம் கீதா?”

ஜெயபாரதிக்கு ஞாபகம் இருந்தது.

மூன்று வருடம் முன்பு, இரண்டு கம்பெனி கார்களை ஒரே வாரத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். இரண்டும் ஒரே விலை, இரண்டிலும் கியரைக் கையால் மாற்றுகிற வேலை இல்லை. வித்தியாசம் உள்ளே இருந்தது. முதல் வண்டியில் டார்க் கன்வர்ட்டர். இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவில் எண்ணெய்தான் சக்தியைக் கடத்தும். “ரெண்டு ஃபேன எதிர் எதிரா வெச்சி ஒண்ணப் போட்டா, அந்தக் காத்துல இன்னொண்ணும் சுத்தும் பாருங்கக்கா, அந்த மாதிரி” என்று ஜெனிதா அன்றைக்கு விளக்கியிருந்தாள். ஊர்ந்து போனாலும் அதில் உரசித் தேய எதுவும் இல்லை. இரண்டாவது வண்டியில் டூயல் கிளட்ச். ஒற்றைப்படை கியருக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படை கியருக்கு ஒரு கிளட்ச். அடுத்த கியர் எப்போதும் தயாராக நிற்கும். ஈசிஆர் நெடுஞ்சாலையில் கியர் மாறியதே தெரியாமல் பறந்தது. பாண்டி பஜாரிலோ, விட்டு விட்டு நகரும்போது ஒவ்வொரு தடவையும் கிளட்ச் பாதி ஒட்டியும் ஒட்டாமலும் வழுக்க, வண்டி லேசாக உதறியது.

“கால் டாக்ஸில நான் ஓட்னது சிவிடி. பெல்ட்டுல ஓடும், இரைச்சல் போடும், ஆனா டிராஃபிக்ல சாது. இந்த டூயல் கிளட்ச் ஹைவேக்கு ராஜா. நம்மளுக்கு தினம் கடை கீற உஸ்மான் ரோடுக்கா. டார்க் கன்வர்ட்டரே எடுங்க” என்றாள் அன்று. விற்பனைக்காரன் சிரித்தான். அது பழைய காலத்து டெக்னாலஜி, மேடம், இதுதான் லேட்டஸ்ட் என்றான். ஜெயபாரதிக்கு ஈசிஆர் வேகமும் பிடித்திருந்தது, அந்தக் கருநீலமும் பிடித்திருந்தது.

“சரிம்மா, இப்ப என்ன செய்யணும்ங்கிற?” ஜெயபாரதி கேட்டாள்.

ஜெனிதா இரவல் காரின் சாவியை டீப்பாய் மேல் வைத்தாள்.

“அவங்களாண்ட இதே மாடல் டெமோ வண்டி கீது. அந்த மேனேஜரே வந்து ஓட்டட்டும். நான் தினம் போற ரூட்டு, நான் போற டைமு. அவுரு சொல்ற மாதிரி ஒழுங்காவே ஓட்டட்டும். வண்டிக்கு ஒண்ணும் ஆவலன்னா, நான் தப்புன்னு ஒத்துக்கினு வேலைய விட்டுப் போயிடறேன். அது வரிக்கும் இந்தச் சாவிய நான் தொடமாட்டேன்.”

ஜெயபாரதி சாவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஃபோனை எடுத்தாள். ஸ்ரீஹரி மறுக்கவில்லை. “தாராளமா மேடம். எப்படி ஓட்டணும்னு அவங்களுக்கும் காட்டின மாதிரி ஆச்சு” என்றான். ஸ்பீக்கரில் அது ஜெனிதாவுக்கும் கேட்டது.

ஆடி மாதத்துச் சனிக்கிழமை, மாலை ஐந்து மணி. தள்ளுபடிக் கூட்டத்தில் தி. நகர் பிதுங்கும் நேரம். டெமோ காரை ஸ்ரீஹரி ஓட்டினான். பக்கத்தில் டெக்னீஷியன் இனாயத், வண்டியின் கணினியோடு இணைத்த டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பின்னால் இரவல் காரில் ஜெனிதாவும் ஜெயபாரதியும். அன்றைக்குத்தான் அதன் சாவியை ஜெனிதா மறுபடி எடுத்திருந்தாள். அது அதே கம்பெனியின் பெரிய மாடல். அதில் இருந்தது டார்க் கன்வர்ட்டர்.

எல்டாம்ஸ் ரோடு வரை ஒன்றுமில்லை. தேனாம்பேட்டை சிக்னலில் மூன்று முறை பச்சை விழுந்து மூன்று முறையும் கடக்க முடியவில்லை. வெங்கடநாராயணா சாலையில் நெரிசல் இறுகியது. ஆட்டோ, பைக், மாநகரப் பேருந்து, பிளாஸ்டிக் பைகளோடு குறுக்கே பாயும் குடும்பங்கள். ஆறடி நகர்ந்தால் அரை நிமிடம் நிற்க வேண்டும். முன்னால் போன டெமோ காரின் சிவப்பு விளக்கை ஜெனிதா கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். எரிவதும் அணைவதுமாக இருந்தது. ஒழுங்காகத்தான் பிரேக் பிடிக்கிறான். அவள் மட்டும் என்ன, வேறு மாதிரியா பிடித்தாள்?

உஸ்மான் ரோட்டில் கடைக்குப் பின்புறம் திரும்பியபோது நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. இரண்டாம் மாடி பார்க்கிங்குக்கு வளைந்து ஏறும் மேடு அங்கே இருக்கிறது. அன்றைக்கு மேட்டின் மேல் பதினைந்து கார்கள் வரிசையாக நின்றன. ஒரு கார் உள்ளே போனால் வரிசை ஒரு கார் நீளம் ஏறும். மறுபடி மேட்டிலேயே காத்திருப்பு.

ஐந்தாவது தடவை நகர்ந்தபோது டெமோ கார் உதறியது. ஏழாவது தடவை ஏறாமல் ஒரு சாண் பின்னுக்கு வந்தது. ஜெயபாரதி “ஐயோ” என்று முன் சீட்டைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அதன் நான்கு மஞ்சள் விளக்குகளும் மின்ன ஆரம்பித்தன. வண்டி நின்றேவிட்டது. கருகிய வாடை ஏசி வழியாக இந்தக் காருக்குள்ளும் வந்தது.

பின்னால் ஹாரன்கள் அலறின. வாட்ச்மேன் கீழேயிருந்து கத்தினான். “இன்னா சார், மேட்டுல வெச்சி ஆஃப் பண்ணிக்கினு! எடு, எடு!”

ஸ்ரீஹரி இறங்கினான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. டேஷ்போர்டில் எழுத்து ஓடிக்கொண்டிருந்தது: கியர்பாக்ஸ் அதிக வெப்பம், வண்டியை நிறுத்தி ஆற விடவும்.

ஜெனிதா ஹேண்ட்பிரேக் போட்டுவிட்டு இறங்கி வந்தாள்.

“இன்னிக்கு டிராஃபிக் ரொம்ப ஜாஸ்தி, மேடம்” என்றான் ஸ்ரீஹரி, அவளைத் தாண்டி, பின் காரின் ஜன்னலில் தெரிந்த ஜெயபாரதியிடம்.

“எனக்கு மட்டும் மூணு வர்ஷமா ரோட்ட காலி பண்ணி வுட்டாங்களா?” என்றாள் ஜெனிதா. “என்னப் பாத்துப் பேசுங்க சார். பின்னாடி என் வண்டியும் இதே மேட்டுலதான் நிக்குது. அது ஏன் கருகல? ஓட்றது அதே லேடிதான?”

இனாயத் டேப்லெட்டோடு இறங்கினான். ஸ்ரீஹரியை ஒருமுறை பார்த்தான். பிறகு கார் ஜன்னல் பக்கம் குனிந்து ஜெயபாரதியிடம் சொன்னான்.

“சார் பிரேக்தான் பிடிச்சாரு, மேடம். ஆக்ஸிலரேட்டர்ல நிறுத்தல. இதுல பதிவாயிருக்கு.” கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தினான். “உங்க வண்டியிலயும் இப்படித்தான் பதிவு இருந்துச்சு. எல்லா இடத்துலயும் பிரேக். அந்த அக்கா மேல தப்பு இல்ல.”

ஜெனிதா ஸ்ரீஹரியின் பக்கம் திரும்பினாள். தெரியாமல் எழுதிவிட்டான் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

“பாத்துட்டா எழுதுனீங்க?” என்றாள். “நான் பிரேக் புடிச்சது அதுல தெரிஞ்சும் என் பேரப் போட்டு எழுதுனீங்களா?”

“காரணம்னு ஒண்ணு போடாம சிஸ்டம் ஃபைல மூடாது” என்றான் ஸ்ரீஹரி. தரையைப் பார்த்துச் சொன்னான். “லிஸ்ட்ல இருக்கறதுல ஒண்ண செலக்ட் பண்ணணும். பர்சனலா எதுவும் இல்லைங்க.”

“என் பேரு எனக்கு பர்சனல்தான் சார்!”

அவள் போட்ட சத்தத்தில் வாட்ச்மேன்கூட வாயை மூடிக்கொண்டான். ஜெயபாரதி காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். அவள் முகம் சிவந்திருந்தது.

திங்கட்கிழமை காலை கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. வாடிக்கையாளர் மீதுள்ள நல்லெண்ணத்தின் பேரில் புது கியர்பாக்ஸ் இலவசமாக மாற்றித் தருகிறார்களாம். பத்து நாளில் வண்டி தயார். எடுத்து வர இருவரும் போனார்கள். கருநீலம் பளபளவென்று நின்றது. ஸ்ரீஹரி ஒரு தாளைக் கையெழுத்துக்கு நீட்டினான். ஜெயபாரதி பேனாவைத் தாளில் வைப்பதற்குள் ஜெனிதா எட்டிப் பார்த்துவிட்டாள். ஏழாவது வரி அப்படியே இருந்தது.

“அக்கா, கையெழுத்து போடாதீங்க.”

“பழைய ரிப்போர்ட் அது. சிஸ்டம்ல மாத்த முடியாதுங்க” என்றான் ஸ்ரீஹரி. “அதான் ஃப்ரீயா போட்டுக் கொடுத்துட்டோமே, அப்புறம் என்ன?”

“வண்டிதான் கெடச்சிட்டுல்லா…” என்று ஜெயபாரதியும் ஆரம்பித்தாள்.

ஜெனிதா அவள் பக்கம் திரும்பினாள். “வண்டி உங்களுக்கு கெடச்சிதுக்கா. எனக்கு இன்னா கெடச்சிது? நாளைக்கு நான் வேற எடத்துல வேல கேட்டா, கிளட்ச எரிச்சவள்னு இந்தக் காயிதம் எனக்கு முன்னாடி போவும். நல்லெண்ணமாம். யாரு மேல நல்லெண்ணம்?”

ஜெயபாரதி பேனாவைப் பார்த்தாள். மூடியை மாட்டினாள். சோபாவில் போய் உட்கார்ந்து புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

“திருத்தித் தாங்க. அது வரைக்கும் வண்டி இங்கயே நிக்கட்டும். நானும் இங்கயே இருக்கேன். எங்க சங்கத்துல எழுபது பேர் கடை வச்சிருக்காங்க, பாதிப் பேர் உங்க வண்டிதான் வச்சிருக்காங்க. அவங்ககிட்ட பேசிட்டிருக்க எனக்கு நேரம் கெடக்கு.”

மாற்ற முடியாத சிஸ்டம் இரண்டு மணி நேரத்தில் மாறியது. புதிய தாளில் ஓட்டுநர் பெயர் இல்லை. காரணம் என்ற இடத்தில், தொடர் நெரிசலில் கிளட்ச் வெப்பம், ஓட்டுநர் பிழை இல்லை என்றிருந்தது. ஸ்ரீஹரி அதை ஜெயபாரதியிடம் நீட்டினான்.

“என்கிட்ட எதுக்கு? அவ பேரைத்தான எழுதுனீங்க” என்றாள் அவள்.

தாள் ஜெனிதாவிடம் வந்தது. முழுக்கப் படித்தாள். மன்னிப்பு என்ற சொல்லைத் தாளிலும் தேடினாள், அவன் முகத்திலும் தேடினாள்.

“இப்ப ஓகேதானே?” என்றான் அவன், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி.

“இல்ல சார். இதே வண்டிய இந்த ஊருல எத்தினி பேரு வெச்சிருக்காங்க? அந்த லிஸ்ட்லேர்ந்து எத்தினி டிரைவருக்கு இப்பிடி செலக்ட் பண்ணீங்க? அவங்க ஓனருங்க யாரும் இங்க வந்து குந்தல, அதானே?”

அவன் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இனாயத் ஒரு வண்டியின் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். அவளைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தான், பக்கத்தில் வரவில்லை.

வண்டியை வெளியே எடுத்தாள். மத்திய கைலாஷைத் தாண்டினார்கள்.

“அன்னைக்கே உன்கிட்ட கேட்டிருக்கணும்” என்றாள் ஜெயபாரதி. “அவன் ஃபோன்ல சொன்னதும் நம்பிட்டேன். தப்புத்தான், ஜெனிதா.”

“ஆமாக்கா. கேட்டிருக்கணும்.”

பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை.  ஜெயபாரதியும் அதை எதிர்பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முன்னால் அடையாறு பாலத்துக்குப் போகும் வரிசை நகரத் தொடங்கியது. ஜெனிதா பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள்.