கெண்டி மூடியில் இருந்த கம்பி

நாளைக்கு இரண்டு குலத்தாரும் கூடுவார்கள். மகனைச் சுட்ட துப்பாக்கியை முக்பில் திருப்பிக் கொடுத்தால் மன்னிப்பு, கொடுக்காவிட்டால் பகை. ஊரே அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவனுக்கோ ஒன்றுமே தோன்றவில்லை. மகன் ஹிஸாம் இறந்ததிலிருந்து அப்படித்தான். ரொட்டி வைத்தால் தின்றான், கூப்பிட்டால் திரும்பினான்.

கல்யாணத்தில் துப்பாக்கியைத் தூக்கி ஆடிவிட்டுக் கீழே இறக்கும்போது அது தானாக வெடித்தது என்று அதன் சொந்தக்காரன் ஜுப்ரான் சத்தியம் செய்தான். யார் நம்புவார்கள்? அவன் குலத்தார் முறைப்படி அந்தத் துப்பாக்கியையே பிணையாகக் கொண்டுவந்து முக்பிலின் காலடியில் வைத்தார்கள். சாக்கில் சுற்றித் தானிய அறையில் போட்டதோடு சரி. இன்று பிரித்தால் ஒரே துரு. கொடுப்பதும் கொடுக்காததும் பிறகு. பிணையாய் வந்த ஆயுதத்தைத் துருவேற விட்டான் என்ற பேச்சு மட்டும் வரக் கூடாது.

குண்டுகளை எடுத்து வைத்துவிட்டுத் துணி விரித்து உட்கார்ந்தான். எல்லாம் கழன்றது. விசையைப் பிடித்திருந்த சின்ன ஆணி மட்டும் எண்ணெய் விட்டும் தட்டியும் அசைய மறுத்தது.

மனைவி தகிய்யா காபித்தோல் கஷாயத்தைக் கெண்டியோடு கொண்டுவந்து வைத்தாள். உடைந்த அதன் மூடியை ஹிஸாம்தான் மோட்டார் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை வெட்டிச் செருகி, நழுவாதபடி நுனியைக் குட்டி வளையமாகச் சுருட்டி மாட்டியிருந்தான். ஊரில் எது உடைந்தாலும் அவனிடம் ஒரு கம்பி இருக்கும்.

"என் புள்ளையத் தின்ன சனியனக் குளிப்பாட்டுறீங்களாக்கும்?"

"துருப்பிடிச்சிருக்கு."

"பிடிக்கட்டுமே! ஹிஸாம் அப்பா, நாளைக்கு இதைத் தூக்கிட்டுப் போனீங்கன்னா திரும்பி இந்த வாசப்படிய மிதிக்காதீங்க."

உப்பு தீர்ந்துவிட்டது என்று அவள் சொன்னதுபோல முக்பில் தலையாட்டினான். அவள் சமையலறைக்குப் போனாள்.

துப்பாக்கியைப் புரட்டி மறுபக்கத்து அழுக்கைச் சுரண்டினான். அழுக்குக்கு அடியில், அந்த ஆணியின் மறுநுனியில் ஒரு குட்டி வளையம் தெரிந்தது. குறட்டால் அதை நிமிர்த்தித் தட்டியதும் கம்பி சுலபமாக வெளியே வந்தது. நடுவில் தேய்ந்து, துளையைவிட மெலிந்திருந்தது. திரும்பச் செருகிப் பாகங்களை மாட்டி, குண்டில்லாத துப்பாக்கியைச் சுடத் தயாராக இழுத்து வைத்துவிட்டு அடிக்கட்டையைத் தரையில் தட்டினான். டக்கென்றது. விரல் விசையில் இல்லை. இன்னொரு முறை இழுத்துத் தட்டினான். மறுபடியும் டக்.

அழுகை வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. கம்பியை மீண்டும் உருவினான்.

"வந்துச்சா?" தட்டும் சத்தம் நின்றதும் உள்ளிருந்து தகிய்யா கேட்டாள்.

"வந்துச்சு."

அவன் உள்ளங்கையை நீட்டினான். ஈரக் கையைத் துடைத்தபடி வந்தவள் குனிந்து பார்த்தாள். பிறகு கெண்டி மூடியைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"யார் எதை ரிப்பேர் பண்ணக் கேட்டாலும் மாட்டேன்னு சொல்லத் தெரியாது நம்ம புள்ளைக்கு," என்றாள் கடைசியில்.

கம்பியை எடுத்து முக்காட்டு முனையில் முடிந்துகொண்டாள்.

"துப்பாக்கியக் குடுத்துட்டு வாங்க. இது இங்கயே இருக்கட்டும். புள்ளை மாட்டின கம்பின்னு ஊருக்குத் தெரிய வேணாம்."

"அப்போ ஜுப்ரான் சொன்னது நிஜம்னு சொல்ல வேணாமா?"

"மன்னிச்சுட்டோம்னு சொல்லுங்க," என்றாள். "அது போதும் ஜுப்ரானுக்கு."

முக்பில் துணியை எடுத்துத் துருவைத் துடைக்கத் தொடங்கினான்.