ரெமிஹியோ சொன்ன பெயர்

1

எங்கள் குவாஹிரா பாலைநிலத்து ரியோஹாச்சா சந்தையில் ஒரு வாத்தியார் என்னைப் பிடித்து, பகைபட்ட வீடுகளுக்கு நடுவே நடந்து பேசித் தீர்க்கிற நம் தூதர்களைப் பற்றி எழுதிக் கொடுங்கள் என்றார். கொடுத்தால் திருத்துவார். அதனால் உங்களிடம் நேராகத் தருகிறேன். உங்களையும் நான் நம்பவில்லை.

முதல் வரி: குவாஹிராவின் பொன்மணலில் சூரியன்

(அடித்துவிட்டேன். மணல் கண்ணில்தான் விழும்.)

2

எவெலியோ ஓட்டிய லாரியில் அடிபட்டுச் செத்தான் ரொசெண்டாவின் மகன். அவன் பெயர்

(எழுத மாட்டேன். செத்தவன் பெயரை அவன் தாய்வழி ஆட்கள் காதுபடச் சொன்னால், எங்களுக்குள் அது அவனை மறுபடி கொன்ற மாதிரி.)

ஆடுகளை ஈடாக வாங்குவதா, எவெலியோவைச் சுடுவதா என்று முடிவு செய்ய வேண்டியவர் ரொசெண்டாவின் அண்ணன் கசில்தோ. இரண்டு வீட்டுக்கும் நடுவே தூது நடந்தவர் ரெமிஹியோ.

3

கசில்தோ வீட்டுப் பந்தலில் நானும் இருந்தேன்.

"வந்துட்டாருய்யா ஆட்டுத் தரகர்," என்றார் கசில்தோ. "அந்தக் கழுத எங்க ஒளிஞ்சிருக்கான்?"

"நான் கேக்கல. தெரிஞ்சா என் மூஞ்சி காட்டிக் குடுத்துரும்."

"உம்ம மூஞ்சில ஈதான் தெரியுது."

ரெமிஹியோ ஈயை விரட்டிக்கொண்டார். வசவை வாங்கி வழியிலேயே உதறிவிடுவதுதான் அவர் தொழில். எவெலியோ வீட்டுக்குப் போய், "கசில்தோ மனசு நொந்திருக்காரு," என்று மட்டும் சொல்வார்.

வெயில் சாயும்வரை ரெமிஹியோ இடத்தைவிட்டு அசையவில்லை. கடைசியில் கசில்தோவே, "சரி, ஆட்டக் கொண்டாரச் சொல்லும்," என்றார்.

ரெமிஹியோ அப்போதே எழுந்து போயிருக்க வேண்டும். மனுஷன் இளகிவிட்டார். அந்தப் பையன் அவர் வீட்டு முற்றத்தில் விளையாடி வளர்ந்தவன். பெயரைச் சொல்லி, "எம்புட்டு நல்ல பய," என்றார்.

கசில்தோ எழுந்து நின்றார்.

(இங்கே ரெமிஹியோவை முட்டாளாக்கி எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. கிழவர் அழுதுகொண்டிருந்தார்.)

4

மகன் செத்த பிறகு கூட்டத்தில் வாய் திறக்காத ரொசெண்டா பேசினாள்.

"உக்காருண்ணே." பிறகு ரெமிஹியோவைப் பார்த்து, "இன்னொரு தடவ சொல்லுங்க, பெரியவரே."

ஒரு முடிவு: அவர் சொல்கிறார். அவள் முகம்

இன்னொரு முடிவு: "நான் ஒண்ணும் சொல்லலியேம்மா," என்கிறார். கசில்தோ உட்காருகிறார், ஆடுகள் வருகின்றன. அவள்

(இரண்டையும் முடிக்க என்னால் ஆகவில்லை. நடந்ததை எழுதவும் மாட்டேன். கசில்தோ வீட்டில் இப்போது படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.)

சொன்னால் பேச்சு முறியும், எவெலியோ பிழைக்க மாட்டான். மழுப்பினால், சாகும்வரை அந்தப் பெயரை அவள் யார் வாயிலும் கேட்கப் போவதில்லை.

ரெமிஹியோ என்ன சொல்ல வேண்டும்? நீங்களே சொல்லுங்கள். கசில்தோவுக்கு எதிரே உட்கார்ந்து சொல்லுங்கள்.