ஆசியாவின் கை

துறைமுகத்தைப் பார்த்த ஹோட்டலில் எனக்குத் தையல் வேலை. மூன்று மாதமாகத் தற்காலிகம். சாப்பாட்டு மண்டபத்துச் சுவரில் தொங்கும் பழைய சித்திரச் சீலையை ஒழுங்காகத் தைத்துக் கொடுத்தால் நிரந்தரமாக்குவதாக மனேஜர் ரிஷிகேசன் சொல்லியிருந்தார். குறிஞ்சாக்கேணியில் எங்கள் வீட்டில் உழைக்கும் ஆள் நான் மட்டுந்தான்.

அந்தச் சீலையைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். எந்தக் காலத்திலோ வெள்ளைக்காரன் நெய்வித்தது. நான்கு பெண்கள், நான்கு கண்டங்களாம். ஐரோப்பா முடி சூடிக் கதிரையில் சாய்ந்திருக்கிறாள். ஆபிரிக்காவும் அமெரிக்காவும் ஆசியாவும் குனிந்து அவள் காலடியில் பழங்களைக் கொட்டுகிறார்கள். பக்கத்தில் நிற்கும் ஒட்டகத்துக்குக்கூடச் சிரித்த முகம். இதற்குப் பெயர் செழிப்பாம். ஆசியாவின் முழங்கைக்குக் கீழே, பழத்தட்டோடு சேர்த்து எலி தின்றிருந்தது. எலிக்காவது ரோசம் இருந்திருக்கிறது.

முடிச்சு வெளியே தெரியாதிருக்க நாங்கள் பின்பக்கமிருந்துதான் தைப்போம். சீலையின் பழைய புகைப்படம் ஒன்றைப் பார்த்து, மாதிரியைப் பின்பக்கத்தில் வரைந்து, ஐந்து நாள் தைத்தேன். திருப்பிப் பார்த்ததும் தலையில் கைவைத்தேன். பின்பக்கம் வரையும்போது இடதை வலதாக மாற்றி வரைய வேண்டும். மறந்துவிட்டேன். நீட்டியிருக்க வேண்டிய கை உள்ளே மடங்கி, ஆசியா தன் மடியிலேயே பழங்களைக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

பிரிக்கலாமென்று பிளேடை எடுத்தேன். ஜன்னலுக்கு வெளியே குசினி வேலையாள் ஆதம்பாவா காக்கா, காலைச் சாப்பாட்டில் மிஞ்சி வாளியில் கிடந்த பப்பாசி, அன்னாசி, கைபடாத முழு மாம்பழங்கள் எல்லாவற்றின் மேலும் பினைல் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“என்ன காக்கா செய்றீங்க?”

“மனேஜர்ட ஓடர் மகள். இல்லாட்டி நாங்க வீட்ட கொண்டு போயிருவமாம்.”

மாம்பழமும் பினைலும் கலந்த நாற்றம் உள்ளே வந்தது. பிளேடைக் கீழே வைத்தேன்.

மத்தியானம் மனேஜர் வந்து சீலையை நெடுநேரம் பார்த்தார்.

“கை மற்றப் பக்கமெல்லோ இருந்தது, றிஷானா?”

“ஓம் சேர். பிழைச்சுப் போச்சு.”

“அப்ப பிரிச்சுத் திருப்பித் தையும். முடிஞ்ச உடன உம்மட நிரந்தரக் கடிதத்தில கையெழுத்து வைக்கிறன்.”

“ஏலாது சேர்.”

அவருக்கு விளங்கவில்லை. நான் கத்தரிக்கோலையும் நூல்பெட்டியையும் பையில் போட்டுக்கொண்டு பின்வாசலால் இறங்கினேன். வாளியில் அந்தப் பழங்கள் அப்படியே இருந்தன. அவற்றில் ஈகூட உட்காரவில்லை.