நாலு இன்ஜெக்டரும் சுத்தம்

என் வீட்டுக்காரர் ஓட்டும் வாடகைக் காருக்கு ஒரு வியாதி வந்தது. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே திடீரென்று இழுவை செத்துப்போகும், அப்புறம் நாலு குலுக்கு குலுக்கிவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரி ஓடும். இதெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் ஓட்டிப் பார்த்தால் அந்தக் கார் அத்தனை சமர்த்து. ஊரில் உள்ள வண்டியையெல்லாம் சரிசெய்கிற எனக்கு வீட்டு வண்டி தண்ணி காட்டியது. எரிச்சலாக வந்தது.

நானும் என் அண்ணனும் சேர்ந்து மெக்கானிக் ஷெட் நடத்துகிறோம். என்ஜின் வேலை என்னுடையது, டிங்கரிங்கும் பெயின்டும் அவனுடையது. "வண்டிய ரிப்பேர் பண்றவளையே கட்டிக்கிட்டு ஏன் மாப்பிள்ளை இப்படிப் புலம்புறீங்க?" என்று அண்ணன் தினமும் அவரைச் சீண்டுவான். அவரும் சிரிப்பார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அந்தக் காரில்தான் காலையில் எங்கள் மகள் பள்ளிக்கூடம் போகிறாள். இரண்டாம் வகுப்பு. பெயர் என்னவோ நீளமாக வைத்தோம், வாயில் வருவது "வாலு"தான். நடு ரோட்டில் வண்டி வேகம் குறைந்து, பின்னால் வருகிறவன் பார்க்காமல் வந்தால் முதலில் அடி வாங்குவது பின் சீட்டில் இருக்கும் அவள்.

இழுவை குறைந்து குலுங்குகிறது என்றால் எந்த மெக்கானிக்கும் முதலில் சந்தேகப்படுவது பெட்ரோல் போகும் பாதையைத்தான். இன்ஜெக்டர் என்பது பெட்ரோலைப் புகை மாதிரி மெல்லியதாகப் பீய்ச்சும் குழாய். அதன் மூக்கில் கரி கட்டினால் பீய்ச்சல் கோணல்மாணலாகும், என்ஜின் விக்கும். அதற்கு முதல் மருந்து டேங்கில் ஊற்றும் பாட்டில். அது பெட்ரோலோடு கலந்து, பெட்ரோல் போகும் இடமெல்லாம் போய், கரியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். ஒரு டேங்க் ஓடித் தீரும்வரை பொறுமை வேண்டும். நம் ஆட்களுக்கு அது ஏது? ஒன்றுக்கு மூன்று பாட்டிலாகக் கவிழ்த்துவிட்டு மறுநாளே வந்து சண்டைக்கு நிற்பார்கள். நான் அளவாக ஒன்றை ஊற்றினேன்.

டேங்க் தீர்ந்தது. அவர் வந்து உதட்டைப் பிதுக்கினார்.

"ஒண்ணும் கேக்கல. நேத்து பாலத்துக்கு மேல அதே மாதிரி."

அடுத்தது கொஞ்சம் கடுமையான வைத்தியம். பெட்ரோல் பம்பின் இணைப்பைத் துண்டித்து, அந்த இடத்தில் ஒரு டப்பாவை மாட்ட வேண்டும். டப்பாவில் வீரியமான மருந்து. என்ஜின் பெட்ரோலுக்குப் பதிலாக அந்த மருந்தைக் குடித்தே ஓடும். டேங்கில் ஊற்றினால் பெட்ரோலோடு கலந்து நீர்த்துப்போகிற மருந்து இதில் நேராகக் கரியின் மேல் பாயும். அதையும் செய்தேன். அதோடு விட்டேனா? காற்று போகும் வழியில் ஸ்ப்ரே அடித்து வால்வின் பின்பக்கத்துப் பிசுக்கையும் எடுத்தேன். ஷெட் முழுக்க நாற்றம். அண்ணன் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான்.

நாலு நாள் நிம்மதி. பிறகு அவர் மறுபடியும் வந்து நின்றார்.

"இன்னிக்கு ஸ்கூலுக்குப் போறப்ப ரெண்டு தடவை."

"நிஜமாத்தான் சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"பின்ன, பொய் சொல்லி எனக்கு என்ன கிடைக்கப் போகுது?"

அவர் உள்ளே போனதும் அண்ணன் என்னிடம் குரலைத் தாழ்த்தி, "மாப்பிள்ளைக்கு வண்டி ஓட்ட அலுப்பு தட்டிருச்சு பாப்பா, சாக்கு சொல்றாரு" என்றான். எனக்கும் அப்படித் தோன்றாமல் இல்லை. ஆனால் அவர் சாக்கு சொல்கிற ஆள் கிடையாது. காய்ச்சலோடு சவாரி போகிறவர்.

சரி, கடைசிக் கை. நாலு இன்ஜெக்டரையும் கழற்றினேன். மருந்துத் தொட்டியில் போட்டு மெஷினை ஓடவிட்டால் காதுக்கு எட்டாத அதிர்வில் ஒட்டியிருக்கிற கரியெல்லாம் உதிரும். ஆனால் தொட்டியில் போடுவதற்கு முன்னால் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிடலாமே என்று சோதனை மேடையில் மாட்டி பீய்ச்சவிட்டேன்.

நாலும் ஒரே மாதிரி பீய்ச்சின. பீய்ச்சியதைப் பிடிக்கும் நாலு கண்ணாடிக் குழாயிலும் ஒரே மட்டம். புது இன்ஜெக்டர்கூட இத்தனை ஒழுங்காகப் பீய்ச்சாது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அழுக்கே இல்லாத ஒன்றை இத்தனை நாளாகக் கழுவிக்கொண்டிருந்தேனா? அப்படியானால் குலுங்குவது எது?

மறுநாள் காலை ஸ்கேனரைக் காரில் செருகிக்கொண்டு முன் சீட்டில் நானும் ஏறினேன். கைக்கடக்கமான கருவி அது. என்ஜினுக்குள் நடப்பதெல்லாம் எண்ணாக அதன் திரையில் ஓடும். வாலு பின்னால் பெல்ட் போட்டுக்கொண்டு, அம்மாவும் கூட வருவதில் குஷியாக இருந்தாள். அவர் முந்தைய நாள் தன் காரில் ஏறிய ஒரு சவாரியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே ஓட்டினார். எவரோ ஒரு ஆள், இறங்கும்போது குடையை விட்டுவிட்டு, ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு போனாராம். நான் சிரித்துக்கொண்டே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேரான பெரிய ரோடு. நாலாவது கியர். கார் மெதுவாக வேகம் இழந்தது.

வந்துவிட்டது என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. பெட்ரோல் அழுத்தம் கல்லு மாதிரி நிற்கிறது. காற்று சரி. எல்லாம் சரி. ஒரே ஒரு எண் மட்டும் பூஜ்யத்தில் இருந்தது. ஆக்சிலரேட்டர்.

"காலை ஏங்க எடுத்தீங்க? மிதிங்க!" என்றேன், எரிச்சலாக.

பின்னால் ஒரு பஸ் ஹார்னை விடாமல் அடித்தது.

"உங்களைத்தாங்க!"

அப்போதுதான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். கண் திறந்திருந்தது. ரோட்டைத்தான் பார்த்தது. ஆனால் அங்கே அவர் இல்லை. வாய் மட்டும் எதையோ மெல்லுகிற மாதிரி அசைந்தது. இடது கை சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தது. ஸ்கேனர் மடியிலிருந்து கீழே விழுந்தது. தாவி ஸ்டியரிங்கைப் பிடித்தேன். பஸ் எங்களை உரசுகிற மாதிரி தாண்டிப் போனது. வேகம் குறைந்து என்ஜின் திணற, கார் குலுங்கத் தொடங்கியது. நாலாவது கியரில் அத்தனை குறைந்த வேகத்துக்கு வந்தால் எந்த நல்ல என்ஜினும் குலுங்கத்தான் செய்யும்.

பின்னாலிருந்து வாலு எட்டி அவர் தோளைத் தட்டினாள். பயமோ பதற்றமோ இல்லை. கதவைத் தட்டுகிற மாதிரி தட்டினாள்.

"அப்பா! அப்பா!"

அவர் ஒரு முறை கண் சிமிட்டினார். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தார். கியரைக் குறைத்தார். கார் குலுங்கியதைக் கண்டு அவர் முகமெல்லாம் மலர்ந்தது.

"பாத்தியா, பாத்தியா! இதைத்தான் நான் சொன்னேன். இப்பவாச்சும் நம்புறியா?"

"ஓரமா நிறுத்துங்க" என்றேன். நிறுத்தினார். நான் சாவியை உருவி எடுத்துக் கைக்குள் இறுக்கிக்கொண்டேன்.

"என்ன காமிச்சுது மெஷின்ல?" என்று ஆவலாகக் கேட்டார்.

"ஒரு பஸ் நம்மள ஒட்டிப் போச்சே, பாத்தீங்களா?"

"எந்த பஸ்?"

"ஹார்ன் அடிச்சுக்கிட்டே போச்சுங்க. ரோடே அதிர்ந்துச்சு."

"சும்மா இரு. ரோட்டுல பஸ்ஸே வரலையே." மகளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "உங்கம்மா கனவு கண்டிருக்கா."

வாலு சிரிக்கவில்லை. "பச்சை பஸ்ப்பா. போயிருச்சு" என்றாள்.

அவளிடம் திரும்பினேன்.

"அப்பாவை இப்படித் தினம் கூப்பிடுவியாடா?"

"வண்டி அந்த மாதிரி பண்ணும்போது மட்டும்தான். நான் கூப்பிட்டா வண்டி சரியாயிடும்மா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ வண்டிக்கு மருந்து ஊத்திட்டுத்தான இருந்தே?"

இத்தனை நாளும் என் பிள்ளையைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய்ச் சேர்த்தது அவளேதான். பின் சீட்டில் உட்கார்ந்து, காலும் எட்டாமல், அப்பாவைத் தட்டித் தட்டி ஓட்டிக்கொண்டு போயிருக்கிறாள். ஒரு நாள் தூங்கிப்போயிருந்தால்? ஒரு நாள் கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்திருந்தால்? எனக்கு அவளைக் கட்டிக்கொண்டு கத்த வேண்டும் போலிருந்தது. கதவைத் திறந்து இறங்கி, காற்றில் நின்றேன்.

அவரும் இறங்கி வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அவருக்குச் சிரிப்பு போனது.

"என்னாச்சு? சொல்லு."

சொன்னேன். கண் திறந்தபடி நின்றது, வாய் மென்றது, பொத்தானைத் திருகியது, குழந்தை தோளைத் தட்டியது, ஒன்று விடாமல் சொன்னேன். அவர் குனிந்து சட்டையைப் பார்த்தார். பொத்தான் ஒற்றை நூலில் தொங்கியது. அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"நான் எங்கயும் போகலையே. இங்கதானே இருந்தேன்."

"இல்லீங்க."

"குடைக்காரன் கதை சொல்லிட்டிருந்தேன். அப்புறம் வண்டி குலுங்குச்சு. நடுவுல ஒண்ணுமே இல்லையே." சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. அந்த நடுவைத் தேடுகிற மாதிரி வந்த ரோட்டைத் திரும்பிப் பார்த்தார். இருபது வருஷமாக ஓட்டுகிற மனுஷன். ஒரு கீறல் விழுந்ததில்லை என்று எல்லோரிடமும் சொல்லித் திரிகிறவர்.

"டாக்டர்கிட்ட போவோம். இப்பவே. ஆட்டோ பிடிச்சுப் போகலாம்" என்றேன்.

அவர் காரின் பானெட்டில் கை வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே வாலு கண்ணாடியில் மூச்சு விட்டு விரலால் படம் வரைந்துகொண்டிருந்தாள். அவளையே பார்த்துக்கொண்டிருந்தவர், சின்னப் பையன் கெஞ்சுவது மாதிரி என்னிடம் கேட்டார்.

"இன்னொரு தடவை கழட்டிப் பாரேன். எதாச்சும் ஒரு ஓரத்துல அழுக்கு இருக்கும். நீ கவனிச்சிருக்க மாட்டே. பாரேன்."

ஆமாம், அழுக்குதான் என்று சொல்லிவிட எனக்கு வாய் வரை வந்தது.

"வண்டியில ஒரு குறையும் இல்லைங்க" என்றேன்.

ஷெட்டுக்கு வருகிற அத்தனை பேரும் அந்த வார்த்தையைக் கேட்டால் கையெடுத்துக் கும்பிடுவார்கள். என் வீட்டுக்காரர் அதைக் கேட்டு ரோட்டோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.