பொன்வண்டின் நெற்றி

சுந்தராம்பாள் டார்ச்சை அடித்தாள். பொன்வண்டு அசையவில்லை. குனிந்து ஒரு சாண் தூரத்தில் வைத்து அடித்தாள். இடித்து வைத்த புளி மாதிரி அப்படியே உட்கார்ந்திருந்தது.

முன்வரிசையில் டிரஸ்ட் செயலாளர் தண்டாயுதபாணி ஸ்வெட்டருக்கு மேல் சால்வையும் போர்த்திக்கொண்டு அமர்ந்திருந்தார். மதுரையிலிருந்து அவர் மலையேறி வந்தது ஒரே ஒரு காரியத்துக்காக. யாரோ ஒரு வெள்ளைக்காரர் டிரஸ்டுக்குத் தானமாகக் கொடுத்த கம்ப்யூட்டர் நாலு மாதமாக இந்தக் கொடைக்கானல் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. அதை வைத்து உருப்படியாக ஏதாவது செய்திருந்தால் இங்கேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் மதுரைப் பள்ளிக்கு. விஜயதசமி நல்ல நாள் என்று, லீவு நாளிலும் பள்ளிக்கூடத்தைத் திறக்கச் சொல்லி, இன்றைக்கே வந்துவிட்டார். வேன் வாசலில் நின்றது.

பிசிக்ஸ் டீச்சரான சுந்தராம்பாளுக்கு அந்தக் கம்ப்யூட்டர் என்றால் உயிர். எண்பத்தாறாம் வருஷம் அந்த மலையில் அதைத் தொட்டுப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? டி.வி. பெட்டியோடு இணைத்து, எழுதியதையெல்லாம் கேசட்டில் பதிந்து, புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துத் தானாகவே கற்றுக்கொண்டாள். பழைய டேப்ரிக்கார்டர் மோட்டார் இரண்டு, பலகை ஒன்று, பொம்மைக்கார் சக்கரங்கள். இவற்றை வைத்து அவள் செய்ததுதான் பொன்வண்டு. கம்ப்யூட்டரிலிருந்து அதன் முதுகுக்கு நீளமாக ஒயர் ஓடும். பெயர் வைத்தது எட்டாம் வகுப்புப் பிள்ளைகள்.

முதலில் வரிசையாகக் கட்டளை எழுதினாள். இரண்டு அடி போ, வலப்பக்கம் திரும்பு, மூன்று அடி போ. சிமெண்டுத் தரையில் சக்கரம் வழுக்கியது. அது சுவரில் முட்டிக்கொண்டு, இன்னும் இரண்டு அடி பாக்கியிருக்கிறதென்று அங்கேயே நின்று அரைத்தது. அப்புறம்தான் முறையை மாற்றினாள். இப்போது அது சும்மா காத்திருக்கும். கண்ணில் வெளிச்சம் பட்டால் ஓடும். எதிலாவது முட்டினால் பின்வாங்கித் திரும்பும். வெளிச்சம் போனால் நிற்கும். இன்னது நடந்தால் இன்னது செய், நடக்காதவரை பொறுத்திரு. பள்ளங்கி பஸ்ஸுக்கு நிற்கிற சனங்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று அவள் சொன்னபோது வகுப்பே சிரித்தது. முந்தாநாள் வரை ஒரு நாளும் தவறாமல் ஓடியது.

இன்றைக்கு என்ன கேடு?

"டார்ச்சு பேட்டரிக் கட்டை போயிருச்சோ என்னமோ, வேற போட்டுத் தாரேன் டீச்சர்" என்று ஓடினார் பியூன் மயில்சாமி. கன்னிவாடிக்காரர். ஐம்பது தாண்டியும் இந்த மேட்டில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ஏறி இறங்குகிறவர். புதுக் கட்டை போட்டார். வெளிச்சம் கண்ணைக் கூசியது. பொன்வண்டுக்குக் கூசவில்லை.

சுந்தராம்பாள் டார்ச்சைக் கீழே வைத்தாள். தப்பு தான் எழுதிய கட்டளைகளில்தான் இருக்கும் என்று முடிவு கட்டிவிட்டாள். நன்றாகப் படித்த பெண்களுக்கு உள்ள வியாதி இது, எது கெட்டாலும் முதலில் தன்னையே சந்தேகப்படுவது. டி.வி. முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். எல்லாம் சரியாக இருந்தது. கேசட்டை மறுபடி ஏற்றினாள், அதற்கு ஐந்து நிமிஷம். பிள்ளைகள் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மஞ்சு இறங்குதுங்கய்யா, ரெண்டு மணிக்குள்ள அடிவாரத்துக் காட்ரோட்டைத் தாண்டிரணும்" என்று டிரைவர் வந்து சொன்னான்.

தண்டாயுதபாணி எழுந்தார். கோபப்படவில்லை. "பரவால்லம்மா, டிரை பண்ணியிருக்கீங்க" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. டி.வி.யையும் கம்ப்யூட்டரையும் கழற்றி, சாக்குச் சுற்றி, வேனில் ஏற்றினார்கள். ஒயரைப் பிடுங்கியபோது அவளுக்குத் தன் கையையே பிடுங்கின மாதிரி இருந்தது.

பொன்வண்டை மட்டும் விட்டுவிட்டு வாசலுக்குப் போனார்கள். அதைத் தூக்கி மடியில் வைத்தபோதுதான் பார்த்தாள். முன்பக்கம், சட்டைப் பொத்தான் அளவு இருக்கும் அதன் கண்மேல், காய்ந்து இறுகிய சந்தனம். நடுவில் குங்குமம்.

நேற்று ஆயுத பூஜை. மணிக்கும் டைப்ரைட்டருக்கும் மைக்ராஸ்கோப்புக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்த மயில்சாமி இதன் முன்னால் வந்து குழம்பி நின்றார். "இதுக்கு நெத்தி எதுங்க டீச்சர்?" என்று கேட்டார். அவள் சிரித்துக்கொண்டே, "இங்கதாண்ணே" என்று விரல் வைத்துக் காட்டினாள். பூஜையில் வைத்த கருவியை மறுநாள் எடுக்கும்வரை யாரும் தொடுவதில்லை, அதனால் ஓட்டியும் பார்க்கவில்லை. காலையிலிருந்து நூறு தடவை அந்தப் பொட்டைப் பார்த்திருப்பாள். அழகாக இருக்கிறதென்றுதான் பார்த்தாள்.

பொன்வண்டைத் தூக்கிக்கொண்டு வேனுக்கு ஓடினாள். "சார், ஒரே நிமிஷம்! கண்ணைச் சந்தனம் மறைச்சிருச்சு. இப்ப ஓடும் சார்."

"இதுல யாரும்மா சந்தனம் வெச்சது?"

அவள் வாய் திறப்பதற்குள் பக்கத்தில் சாக்கு கட்டிக்கொண்டிருந்த மயில்சாமி முன்னால் வந்தார். "நாந்தாங்கய்யா. டீச்சர் இல்லாதப்ப நானா வெச்சேன். அவங்களுக்குத் தெரியாதுங்க."

"அறிவிருக்காய்யா உனக்கு? மாடுன்னு நெனச்சியா?" அத்தனை பிள்ளைகளும் பார்க்க அவரை வாங்கு வாங்கென்று வாங்கினார். நாளைக்கே மெமோ வரும் என்றார். மயில்சாமி துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டைத் திறக்கச் சொன்னதும் இறக்கத்தில் ஓடினார்.

தண்டாயுதபாணி அவள் பக்கம் திரும்பினார். "ஏத்தினதை இப்ப இறக்க முடியாது. ஆனா உங்க மேல தப்பில்லைன்னு ரிப்போர்ட்ல எழுதிடறேன். அடுத்த வருஷம் பாக்கலாம்."

இடம் காட்டினது நான்தான் என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். சொல் நாக்கு நுனிவரை வந்தது. தப்பில்லை என்று எழுதினால் ஒருவேளை கம்ப்யூட்டர் திரும்பி வரும் என்ற நப்பாசை வாயைக் கட்டிப்போட்டது. "சரிங்க சார்" என்றாள். அந்தக் குரல் அவளுக்கே பிடிக்கவில்லை.

வேன் போனது. மயில்சாமி கேட்டைச் சாத்திவிட்டு மூச்சு வாங்க மேலே ஏறி வந்தார்.

"நான் அங்கிட்டுப் போனப்புறம் அவர்கிட்ட நீங்க ஒண்ணும் சொல்லிரலையே டீச்சர்?" என்று கேட்டார். தான் சொன்ன பொய்யை இவள் போட்டு உடைத்துவிட்டாளோ என்றுதான் அவருக்குப் பயம்.

"இல்லண்ணே" என்றாள் சுந்தராம்பாள். "ஒண்ணும் சொல்லல."

"அது போதும்" என்று சொல்லிவிட்டு, பெல் அடிக்க நேரமாகிவிட்டதென்று அவர் வெரசாக நடந்தார்.