மூன்றாம் முறை கேட்டால்

டீனாவின் கேள்வித்தாளை நம்பினால், கோயம்புத்தூர் ஜில்லாவில் யாருக்கும் துக்கமே கிடையாது. ஆனால் யாருக்கும் பசியும் கிடையாது.

மனம் ஒரு பருவத்தில் தலைகால் தெரியாமல் துள்ளி, மறு பருவத்தில் அடியோடு சோர்ந்துவிடும் நோய் ஒன்று உண்டு. அந்தச் சோர்வை அளக்கும் ஆங்கிலக் கேள்வித்தாளைத் தமிழாக்கி, அது சரியாக அளக்கிறதா என்று பார்க்கத் தொண்ணூற்றாறில் சென்னையிலிருந்து வந்திருந்தாள் டீனா. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியின் மனநல மருத்துவர் டாக்டர் டேவிட்சன் நோயாளியைத் தனியே பார்த்து ஒரு மதிப்பெண் போடுவார். டீனா கேள்வி கேட்டு ஒன்று போடுவாள். இரண்டும் ஒத்துவர வேண்டும். ஒன்பது பேருக்கு ஒத்துவரவில்லை.

"பத்தாவதும் இப்படியே போனா இந்தத் தமிழாக்கத்தையே கைவிட வேண்டியதுதாம்மா" என்றார் டாக்டர்.

ஆறு மாத உழைப்பு. டீனா கண்மூடி ஆண்டவரைக் கூப்பிட்டுவிட்டுக் கதவைத் திறந்தாள்.

பத்தாமவர் அன்னூர் பாலுசாமி. மாசியில் தம் ஆடுகளுக்குப் பந்தல் போட்டுப் பிறந்தநாள் கொண்டாடியவர். இப்போது ஆடியில், மனைவி ராசாத்தாள் உட்காரவைத்த இடத்தில் மூட்டைபோல் இருந்தார்.

"மனசு சோர்வா இருக்குங்களா?"

"நல்லாருக்கேனுங்க" என்றார் தரையைப் பார்த்து.

"பசிக்குதுங்களா?"

"ஐயோ, வேண்டாங்க அம்மணி. இப்பத்தானுங்க ஆச்சு."

"நான் சாப்பாடு போடலைங்கய்யா. சும்மா கேக்கறேன்."

"சும்மா கேட்டாலும் வேண்டாங்க."

ராசாத்தாள் சிரித்துவிட்டாள். "ஏனுங்க அம்மணி, ஒருக்கா கேட்டா யாருங்க சொல்லுவாங்க? மொதல் தடவ மரியாதைக்குங்க. ரெண்டாவது உபசாரத்துக்குங்க. மூணாவது கேட்டாத்தானுங்க நெசமாலும் கேக்கறதா அர்த்தம்."

'எந்தக் கேள்வியையும் ஒருமுறைக்கு மேல் கேட்கலாகாது' என்று தாளின் தலைப்பிலேயே அச்சாகியிருந்தது. டீனா அதைக் கவிழ்த்து வைத்தாள்.

"மனசு எப்படிங்கய்யா இருக்கு?"

"நல்லாத்தானுங்க இருக்குது."

பேனாவை மூடிவிட்டு நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள். "எப்படிங்கய்யா இருக்கு?"

அவர் தரையிலிருந்து தலையைத் தூக்கினார். "நல்லால்லீங்க. ஆட்டுக்குட்டி மடியில வந்து விழுந்தாக்கூடத் தொடத் தோணலீங்க. சோறு எறங்கலீங்க."

ராசாத்தாளின் சிரிப்பு நின்றுபோயிற்று. "எங்கிட்டச் சொல்லவே இல்லீங்களே!"

"நீயி ரெண்டோட நிறுத்திப்போட்டே."

மீதிக் கேள்விகளையும் டீனா மும்மூன்று முறை கேட்டாள். அவள் போட்டது இருபத்தேழு. டாக்டர் போட்டிருந்தது இருபத்தெட்டு. அவர் தாளை இரண்டுமுறை பார்த்தார். பிறகு, ஒத்துவராத ஒன்பது பேரையும் திரும்ப வரவழைக்கச் சொன்னார்.

மருந்துச் சீட்டோடு புறப்பட்ட பாலுசாமி வாசலில் நின்றார்.

"நீங்க சாப்பிட்டீங்களா அம்மணி?"

"ஆச்சுங்கய்யா."

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சுங்க."

அவர் நகரவில்லை. "சாப்பிட்டீங்களா?"

டீனா பையைத் திறந்து, காலையில் வாங்கித் தொடாமல் வைத்திருந்த பன்னை எடுத்து மூன்றாகப் பிய்த்தாள். பாலுசாமி இருப்பதிலேயே சிறிய துண்டாகப் பார்த்து வாங்கி, மெல்ல மென்றார்.

"எறங்குதுங்களா?" என்று கேட்டாள் ராசாத்தாள். இந்தமுறை அவள் இரண்டோடு நிறுத்தவில்லை.